கோடியக்கரையில் பனிக்காலப் பூந்தோட்டம்

ஓராண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து வாழ்ந்தவர் தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் பூவுக்குரிய பருவம் எது என வினவினால், இளவேனில் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். மல்லிகை மலிந்து, வேம்பும் புங்கும் பூத்து நிற்கும் பங்குனி, சித்திரை மாதங்களே அவர்தம் நினைவுக்கு வரும். அஃது உண்மையே. ஆயினும், காவிரி வளநாட்டின் தென்கிழக்கு மூலையில் கடல் வளைந்து திரும்பும் கோடியக்கரைப் பகுதியில், மார்கழியிலும் தையிலும் பூக்கும் மரங்களும் செடிகளும் பல உள்ளன. அவை யாவை, அக்காலத்தில் அவை பூப்பதற்குக் காரணம் என்ன, நம் வீட்டுக் கொல்லையிலும் பள்ளி வளாகத்திலும் அவற்றை எங்ஙனம் வளர்க்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இதனை எண்ணிப் பார்ப்பதற்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் தென்னை, மா, முந்திரி, சவுக்கு முதலியன வேரோடு சாய்ந்தன. கோடியக்கரைக் காட்டின் மரங்களும் கிளையொடிந்து நின்றன. பல இல்லங்களின் கொல்லையில் நிழலுக்கு ஒரு மரமும் எஞ்சவில்லை. வீழ்ந்த மரத்துக்கு ஈடாக எதனை நடுவது என்னும் வினா அன்று ஒவ்வொரு குடும்பத்திலும் எழுந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் அவ்வினா மீண்டும் எழுகின்றது. விரைவில் வளர்வது, பூ அழகாயிருப்பது என்னும் இரண்டை மட்டும் கருதி நடுவோமாயின், அடுத்த புயலில் அதே இழப்பினை மறுபடியும் அடைய நேரிடும்.

மண்ணும் மழையும்

முன்னர்த் தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி 1991ஆம் ஆண்டு முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக்கு நீரிணை, மேற்கே உவர்நிலமும் உப்பளங்களும் என்னும் அமைப்புடையது. நெல் விளையும் வண்டல் மண் வடக்கே நின்றுவிட, ஈண்டுள்ளது பெரும்பாலும் மணற்பாங்கான நிலமே. மணலில் பெய்த மழைநீர் கீழிறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. ஆழமற்ற கிணறுகளில் இனிய நீர் கிடைப்பதும், ஆழத் தோண்டினால் உப்பு நீர் ஊறுவதும் இதனாலேயே.

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்கின்றது. மார்கழியில் மழை குறைந்து, தை பிறந்ததும் வானம் வெளுக்கின்றது. அதன்பின் பல மாதங்களுக்கு நல்ல மழை அரிது. கோடையில் மணல் சுடும். உப்புக் காற்றும் ஓயாது வீசும். இவற்றையெல்லாம் தாங்கி வாழும் மரஞ்செடிகளுக்கு இங்குள்ள காடே சான்றாகும். ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும் உலர்நிலப் பசுமைக் காடு என இதனைக் கூறுவர். வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967ஆம் ஆண்டில் இது வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில், இதனை அடுத்த ஈரநிலங்களும் சேர்ந்து, ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்தனவாக ஏற்கப்பட்டன.

பனிக்காலத்தில் பூப்பது ஏன்?

குளிர் மிகுந்த நாடுகளில் பனிக்காலம் செடிகளுக்கு உறக்க காலமாகும். மண் உறைந்துபோவதால் வேர் நீரை உறிஞ்ச இயலாது. மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். ஜப்பான் நாட்டில் பிப்ரவரி மாதக் குளிரில், இலையற்ற கிளைகளில் பிளம் மரம் பூப்பதை மக்கள் திரண்டு சென்று காண்கின்றனர். நம் தேயிலைச் செடியின் நெருங்கிய உறவான கமேலியாவையும் அந்நாட்டார் பனிக்கால மலராகப் போற்றுகின்றனர். அங்குப் பனியில் பூப்பது அருமையாகலின் அதற்கு அத்தனை சிறப்பு.

நம் கடற்கரையின் நிலை வேறு. மண்ணில் ஈரமும் வானில் இளவெயிலும் ஒருங்கே அமைவது மார்கழி, தை மாதங்களிலேதான். மழைக்காலத்தில் செடி தளிர்விட்டுக் கிளை பரப்புகின்றது. மழை நின்று ஈரம் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்கியதும் பல மரங்களில் தளிர் வளர்ச்சி அடங்குகின்றது. இலைகள் சேர்த்துவைத்த உணவு பூமொட்டுக்குச் செல்கின்றது. மாமரம் இதற்கு யாவரும் அறிந்த சான்றாகும். அதன் தளிர் முற்றி, இரவுகள் குளிர்ந்த பின்னரே அது பூங்கொத்து விடுகின்றது. காலம் தப்பிப் பெய்யும் தை மழை மாம்பூவைக் கெடுப்பதை உழவர் நன்கறிவர்.

சில செடிகள் பகற்பொழுதின் நீளத்தையும் உணர வல்லவை. கோடியக்கரையில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி. அவ்வளவு சிறிய வேறுபாடும் செடிக்குப் போதுமானது. பகல் குறுகி இரவு நீளும்போது மொட்டு வைக்கும் செவ்வந்தி, பொங்கலுக்கு நம் வாயிலை அணிசெய்வது இவ்வகையால்தான்.

இவ்வாறு பூப்பதில் செடிக்கும் நலம் உண்டு. அடைமழையில் மகரந்தம் நனைந்து வீணாகும், தேனீக்களும் வெளிவாரா. மழை விட்ட பின் மலர்ந்தால் மகரந்தம் உலர்ந்திருக்கும். பூச்சிகளும் தேடி வரும். அம்மலர் காயாகிக் கோடையில் கனியும். கனியுண்ட பறவைகள் பரப்பிய விதைகள் அடுத்த மழைக்கு முன்பே மண்ணில் விழுந்து காத்திருக்கும். சுருங்கக் கூறின், மார்கழிப் பூ கோடைக் கனிக்கு முதற்படியாகும். நம் தோட்டத்துக்குரிய மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

காடு காட்டும் மரங்கள்

கோடியக்கரைக் காட்டின் மரங்களுள் முதலில் குறிப்பிடத்தக்கது பாலை. மழைக்காலத்தின் பின்பகுதியிலும் பனிக்காலத்திலும் இலைக்கக்கங்களில் சிறிய வெண்ணிறப் பூக்களை விடுகின்றது. கோடையில் அவை மஞ்சள் நிறக் கனிகளாகும். பாலாப்பழம் என்னும் அப்பழத்தின் சுவையை இவ்வட்டாரத்துச் சிறுவர் யாவரும் அறிவர். மரம் மெல்ல வளர்வது, வயிரம் மிக்கது. இது சப்போட்டாவின் உறவாகும். பாலைக் கன்றின்மீது சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவது தோட்டக்கலையில் வழக்கமாயிருக்கின்றது. வறட்சியைத் தாங்கும் வேரும், வீட்டார் விரும்பும் கனியும் இவ்வாறு ஒரே மரத்தில் அமைகின்றன.

அடுத்தது உகாய். உவர்மண்ணில் வேறெதுவும் செழிக்காத இடத்திலும் இது பசுமையாய் நிற்கும். பனிக்காலத்தில் பூக்கும் இதன் பூக்கள் மிகச் சிறியவை. அழகுக்காக எவரும் பறிப்பதில்லை. ஆயினும் கோடைத் தொடக்கத்தில் விளையும் இதன் சிறு பழங்களைப் பறவைகள் பெரிதும் விரும்பி உண்கின்றன. இதன் வேரையும் குச்சியையும் பல் துலக்கப் பயன்படுத்தும் வழக்கம் அரபு நாடுகளிலும் உண்டு. வெட்டிய அடிமரத்தினின்றும் மீண்டும் தழைக்கும் ஆற்றல் இதற்கு இருத்தலால், புயல் வீசும் கரைக்கு இது ஏற்றது.

களா ஒரு முட்செடி. தை, மாசி மாதங்களில் மணமுள்ள வெண்மலர்களைக் கொள்ளும். காய் ஊறுகாய்க்கு ஆகும், கனி உண்ணுதற்கினியது. ஆடு மாடு புகாத உயிர்வேலிக்கு இதனை ஒப்பது மிகச் சிலவே. சீமைக் கருவேலை வேலிக்கென நட்டு, அது பெருகி உவர்நிலங்களையும் காட்டின் ஓரங்களையும் கவர்ந்துகொண்டதை நாம் கண்கூடாகக் கண்டுள்ளோம். களாவினால் அத்தகைய தொல்லை இல்லை.

கரைக்குரிய மரங்கள்

புன்னையும் பூவரசும் கடற்கரைக்கென்றே அமைந்தவை எனலாம். புன்னையின் பளபளப்பான தடித்த இலை உப்புக் காற்றுக்கு அஞ்சாது. வெள்ளிதழும் பொன்னிற மகரந்தமும் கொண்ட இதன் மலர் நறுமணம் வீசும். இது பல இடங்களில் ஆண்டுக்கு இருமுறை பூப்பதுண்டு. அவற்றுள் ஒரு பருவம் வடகிழக்கு மழையை ஒட்டி வருவது. விதையினின்று எடுக்கும் எண்ணெய் முற்காலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்டது.

பூவரசு ஆண்டின் பெரும்பகுதியிலும் பூ விடும். பனிக்காலத்தில் மிகுதியாகவே பூக்கும். காலையில் மஞ்சளாய் மலர்ந்து, மாலையில் செந்நிறமாகி வாடும் அதன் மலரைப் பள்ளிச் சிறுவருக்குக் காட்டி, நிறம் மாறும் விந்தையை ஆசிரியர் விளக்கலாம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத சிறுவர் தஞ்சைச் சீமையில் இல்லை. போத்து நட்டாலே வேர்விடும், ஒடிந்தாலும் தழைக்கும். மரம் கருவிகளுக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் உதவும்.

கொல்லைக்குரியவை

அகத்தி மார்கழி, தை மாதங்களில் வெண்மையான வளைந்த மலர்களைத் தாங்கி நிற்கும். மலரும் கீரையும் உணவாகும். வைகுண்ட ஏகாதசி நோன்பிருந்தோர் மறுநாட் காலை அகத்திக்கீரை உண்டு நோன்பை முடிப்பது நெடுநாள் வழக்கம். வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதும் இதன் சிறப்பு. முருங்கையும் மழை ஓய்ந்த பின் பூத்துத் தேனீக்களை ஈர்க்கின்றது. பங்குனி முதல் காய் தருகின்றது. இவ்விரண்டும் மெல்லிய மரங்கள், பெருங்காற்றில் ஒடியும். ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பயன் தருவதால், ஒடிந்தமைக்காக வருந்த வேண்டுவதில்லை. வீட்டுச் சுவரினின்றும் விலக்கி நட்டால் போதும்.

கிளைரிசிடியா மத்திய அமெரிக்காவினின்று வந்தது. தை, மாசி மாதங்களில் இலையுதிர்ந்த கிளைகளில் வெளிர்சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாய்ச் செறிந்திருக்கும். இதன் தழை வயலுக்குச் சிறந்த உரம். நன்செய் உள்ளவர் வரப்போரத்திலும் வேலியிலும் இதனை நட்டுப் பயனடையலாம்.

சிறு செடிகளுள் டிசம்பர்ப் பூவுக்கு முதலிடம் தரல் தகும். ஆங்கில மாதத்தின் பெயரைப் பெற்றிருந்தும் இது நம் நாட்டுச் செடியே. கனகாம்பரத்துக்கும் மலைக் குறிஞ்சிக்கும் இனமானது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் கார்த்திகை முதல் மாசி வரை பூக்கும். மணம் இல்லையாயினும், மல்லிகை அருகும் காலத்தில் பெண்டிர் கூந்தலுக்கும் சுவாமி படத்துக்கும் இதுவே துணையாகின்றது. ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கி நடும் செடியாகலின், இதற்கு ஒரு காசும் செலவில்லை. பவழமல்லி பனிக்காலத் தொடக்கம் வரை விடியற்காலையில் பூச்சொரியும். ஆவாரை வறண்ட மேட்டுநிலத்திலும் பொன்னிறமாய்ப் பூக்கும். தமிழகத்தின் பல ஊர்களில் பொங்கற் காப்புக் கட்டுவதற்கு அதன் பூவைக் கொள்கின்றனர்.

வேதாரண்யம் வட்டாரத்தில் முல்லை பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பனிக்காலத்தில் முல்லை, மல்லிகைகளின் விளைச்சல் குன்றும், விலையோ ஏறும். இக்காலத்தைக் கொடிகளுக்கு ஓய்வு தந்து கவாத்துச் செய்வதற்குப் பயன்படுத்துதல் வேண்டும். குண்டுமல்லிக்கு நவம்பர் இறுதி வாரமும், பிச்சிக்கு டிசம்பர் இறுதி வாரமும், முல்லைக்கு ஜனவரி இறுதி வாரமும் கவாத்துக்கு உரியவை. இவற்றோடு, குளிர்மாதங்களிலும் பூக்கும் நட்சத்திர மல்லிகையைச் சில சென்ட் நிலத்தில் வைத்திருந்தால், விலை உயர்ந்த நாட்களில் கையில் பூ இருக்கும்.

அழகால் மயங்க வேண்டாம்

பனிக்காலப் பூமரங்களுள் மரமல்லி மிக்க எழிலுடையது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நீண்ட வெண்பூக்களைச் சொரிந்து தெருவையே மணக்கச் செய்யும். ஆனால் அதன் கிளை எளிதில் முறியும். பூக்கும் அதே மாதங்களே இக்கரையில் புயல் வீசும் மாதங்களாகவும் உள்ளன. 1952ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நாகை, வேதாரண்யம் பகுதிகளைத் தாக்கிய பெரும்புயலும், 2018ஆம் ஆண்டின் கஜா புயலும் இதனை உணர்த்துகின்றன. ஆகவே மரமல்லி, செம்மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி முதலியவற்றை வீட்டுக் கூரைக்கோ பள்ளி வகுப்பறைக்கோ மின்கம்பிக்கோ அருகில் நடலாகாது. அவற்றை விரும்புவோர் திறந்த வெளியில், கட்டடங்களினின்றும் மரத்தின் முழு உயரத்துக்கு மேற்பட்ட தொலைவில் நடுவாராக. கஜா புயலில் தென்னைகள் வரிசை வரிசையாக வீழ்ந்தபோதும் பனைகள் பெரும்பாலும் நிமிர்ந்து நின்றதை இவ்வட்டாரத்தார் மறவார். பூவின் பொருட்டன்றாயினும், தோட்டத்தின் எல்லையில் சில பனங்கொட்டைகளை ஊன்றிவைப்பது அறிவுடைமை.

நடும் முறை

காற்றுக்குத் திண்ணிய சுவர்போல் மரங்களை நெருக்கி நடுதல் தவறு. சுவரைத் தாண்டிய காற்று மறுபுறம் சுழன்று விழும். காற்று ஓரளவு புகுந்து வேகம் தணியுமாறு இடைவெளியிட்டு நடுதலே முறை. கடலை நோக்கிய எல்லையில் பனை, புன்னை, பூவரசு. அவற்றின் உட்புறத்தில் உகாய், களா. நடுவில் பாலை, சப்போட்டா, மா. வீட்டையொட்டி டிசம்பர்ப் பூ, பவழமல்லி, கனகாம்பரம் என்ற வரிசை இங்குப் பொருந்தும். இடம் சிறிதாயின் ஒரு பூவரசும் ஒரு முருங்கையும் நான்கு டிசம்பர்ப் பூச்செடிகளும் போதுமானவை.

புரட்டாசியில் குழி வெட்டி, மணலோடு ஏரி வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புக. வெறும் மணலில் இட்ட உரம் மழையோடு கரைந்து கீழிறங்கிவிடும். வண்டலே அதனைப் பிடித்து நிறுத்தும். ஐப்பசி மழை தொடங்கியதும் கன்றினை நட்டால் இரண்டு மாதம் நீர் ஊற்றும் வேலையில்லை. தை முதல் வாரத்துக்கு இருமுறை நீர் விட்டு, அடியில் பனையோலையோ நெல் வைக்கோலோ பரப்பி ஈரத்தைக் காத்தல் வேண்டும். முதற் கோடையைக் கடந்த கன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டால், கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்து உவர்நீரை மேலே வரவழைக்க நேரிடாது.

கிளை நறுக்குவதிலும் காலம் அறிதல் வேண்டும். புயலுக்கு அஞ்சிப் பெருமரங்களின் கனத்த கிளைகளைக் குறைப்பதாயின் ஆடி மாதத்துக்குள் முடித்துவிடுக. பனிக்காலத்தில் பூக்கும் செடிகளைப் புரட்டாசி, ஐப்பசியில் நறுக்கினால், பூ விடவேண்டிய தளிர்களையே இழந்துவிடுவோம். பூத்து முடிந்த மாசி, பங்குனி மாதங்களே அவற்றை நறுக்கத் தக்கன.

யார் செய்ய வேண்டும்?

சரணாலயத்தினுள் கன்றுகளைப் பிடுங்குவதும் விதை திரட்டுவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிச் செய்யலாகாதவை. அதற்குத் தேவையும் இல்லை. ஊருக்குள்ளும் கோயில் தோப்புகளிலும் நிற்கும் பாலை, புன்னை, களா மரங்களின் விதைகளே போதும். புன்னை விதையின் ஓட்டை நீக்கி விதைத்தால் விரைவில் முளைக்கும். களா விதையையும் உகாய் விதையையும் சதை நீக்கி, நாள் கடத்தாமல் விதைத்தல் நன்று. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இவற்றை நாற்றங்காலில் வளர்த்து விற்பதால் வருவாயும் பெறலாம். 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நாட்டு மரங்களை ஊக்குவிக்கின்றது. நடவேண்டிய மரங்களின் பட்டியலை ஊராட்சி மன்றமே கிராம சபையில் கலந்து முடிவு செய்து வனத்துறை அலுவலரிடம் அளித்தால், நம் மண்ணுக்கு ஒவ்வாத கன்றுகள் வந்து குவிந்து வாடுவதைத் தவிர்க்கலாம்.

பள்ளிகளில் இப்பணி எளிதாய்த் தொடங்கும். எந்த மரம் எந்த நாளில் முதற்பூ விட்டது, எந்தப் பறவை அதனை நாடி வந்தது என்பதை மாணவர் ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வரலாம். ஐந்தாறு ஆண்டுகளில் அது ஊரின் அரிய சொத்தாகும். எம்மரம் உப்புக் காற்றைத் தாங்கிற்று, எது புயலில் வீழ்ந்தது, வீழ்ந்தபின் எது தழைத்தது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். அடுத்த தலைமுறை எதனை நடுவது என்று தடுமாறாமல் இருக்க அக்குறிப்பேடு உதவும்.

கஜா புயல் ஓர் இரவில் வீழ்த்திய மரங்களை வளர்த்தெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். பாலைக் கன்றை இன்று நடுபவர் அதன் கனியைத் தாமே உண்பது அரிதாயிருக்கலாம். அவர்தம் பேரர் உண்பர். ஆயின் அதன் அருகிலேயே ஊன்றிய டிசம்பர்ப் பூச்செடி விரைவிலேயே ஒரு கார்த்திகையில் பூத்துவிடும். நெடுநாளைய பயனையும் அண்மைப் பயனையும் ஒருங்கே கருதித் தோட்டம் அமைத்தல் நம் முன்னோர் வழி. வரும் புரட்டாசியில் ஒவ்வொரு வீட்டின் கொல்லையிலும் இவ்விரு வகையிலும் ஒவ்வொன்றேனும் நடுவதற்குக் குழி வெட்டுவோமாக.